ஆமைக்கதைக்காரர் ரெங்கத்துக்கு வருகிறார்

ரெங்கம்,
1936, மாசி 12

சிங்கப்பூரில் இருக்கும் என் பேரன் சதாசிவத்துக்கு, அப்பாயி ராசம்மா உன் நெற்றியில் திருநீறு பூசியதாய் நினைத்து எழுதுவது. இங்கே எல்லாரும் நடமாட்டமாய் இருக்கிறோம். உன் அப்பன் முட்டிவலி குறைந்து மறுபடி ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறான். நீ வேளைக்குப் பசியாறுகிறாயா, அச்சுக்கூடத்து மை நாற்றத்தில் இருமல் வருகிறதா என்று எழுது.

நீ அனுப்பிய புத்தகம் வந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயா ஆபீசிலேயே பிரித்து, நின்றபடி முழுக்கப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தேன். மேலட்டையில் ‘ஆமைக்காக நின்ற ரயில்’ என்று சிவப்பாய் இருக்கிறது. அதன் கீழே வீ. சதாசிவம். அந்த எழுத்தை நீயே கோத்தாயாமே. விரலால் தடவிப் பார்த்தேன்.

‘ஒரு கம்பத்திலே ஒரு ஆமை இருந்தது. அதற்கு எதிலும் அவசரமே கிடையாது.’ ஊர் என்று போடாமல் கம்பம் என்று போட்டாய் பார், நம் தோட்டத்துக்குப் பக்கத்து மலாய்க்காரர் ஊர் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. அஞ்சாவது வரைக்கும் படித்தவள் நான். நல்ல வரி எது, வெறும் வரி எது என்று எனக்குத் தெரியும்.

ஆயாக் கொட்டகையில் நான் பார்த்துக்கொள்ளும் தூளிப் பிள்ளைகளுக்கு அதை வாசித்தேன். அவர்கள் தூங்கினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெரிய பிள்ளைகள் தூங்கவில்லை, இன்னொரு தரம் என்றார்கள். சத்தம் கேட்டு மணியம் வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

“யாரு எழுதினது அக்கா இது?”

“அட்டையில போட்டிருக்கே வாத்தியாரே, படிங்க. எம் பேரன்.”

“நம்ம வீரமுத்து மவனா? சிங்கப்பூருல அச்சாபீசுல இருக்கிறவனா?”

“இருக்கிறவன் இல்ல, இருக்கிறவரு. புத்தகம் போட்டவரு.”

அவர் சிரித்துவிட்டு, சித்திரை வருஷப் பிறப்பன்று பள்ளிக்கூடத்தில் நீ வந்து பிள்ளைகளுக்குப் பேசவேண்டும் என்று கேட்டார். வருவான் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

உன் அப்பாயி
ராசம்மா


சிங்கப்பூர்,
5-3-1936

அப்பாயி அவர்களுக்கு சதாசிவம் காலைத் தொட்டு எழுதுவது. நான் சுகம். இருமல் இல்லை. அப்பாவை ஈரத்தில் உட்காரவேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று இடத்தில் சிரித்தும் கடைசி இடத்தில் பயந்தும் படித்தேன். அப்பாயி, என் வாய் உங்களுக்குத் தெரியாததா? கையால் ஒரு மூச்சில் எழுதுகிற வரி, நாக்கில் வரும்போது முள்வேலியில் வேட்டி மாட்டிய மாதிரி நின்றுவிடுகிறது. ‘க’ வந்தால் போதும், அப்புறம் நகராது. அச்சுக்கூடத்தில் எனக்குச் சொல்லவேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், நானும் அப்படியே பதில் கொடுக்கிறேன். எனக்குக் கோப்பிதான் பிடிக்கும். ஆனால் கடையில் போய்த் தே என்று தேயிலைத் தண்ணீரைக் கேட்டுக் குடிக்கிறேன். கோப்பி என்று கேட்டு முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் என் வாயையே பார்ப்பார்கள்.

லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் என்னைத் திக்குவாயன் என்று கூப்பிட்டபோது நீங்கள் விளக்குமாற்றோடு வீடு வீடாய்ப் போனீர்கள். அந்தப் பிள்ளைகள்தான் இன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அப்பா அம்மா. அவர்கள் முன்னால் நான் எப்படி நிற்பது? ‘கதை’ என்ற சொல்லையே சொல்லமுடியாதவன் கதை சொல்ல வருவதா? வாத்தியாரிடம் ஏதாவது சொல்லி முடியாது என்றுவிடுங்கள். புத்தகம் இன்னும் நாலு அனுப்பி வைக்கிறேன்.

உங்கள் பேரன்
சதாசிவம்


ரெங்கம்,
1936, மாசி 29

சதாசிவத்துக்கு அப்பாயி ஆசீர்வாதம். இங்கே மழை. ஆயாக் கொட்டகையில் ரெண்டு பிள்ளைக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது, மற்றபடி சுகம்.

தே குடிப்பதே நல்லது. கோப்பி உடம்புக்குச் சூடு.

வெள்ளை வேட்டி இருக்கிறதா? இல்லாவிட்டால் உன் அப்பனுடையதைக் கஞ்சி போட்டு வைக்கிறேன். காலை ரயிலில் வந்தால் வெயிலுக்கு முன்னால் இறங்கிவிடலாம். ஸ்டேஷனுக்கு வாத்தியாரே வருகிறேன் என்றார்.

பிள்ளைகள் உன் கதையை மனப்பாடம் பண்ணிவிட்டார்கள். நம் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடமானாலும் புத்தகம் ஒன்றுதான் இருக்கும், அது வாத்தியார் கையில் இருக்கும். அதனால் அவர் பாதி வரியைச் சொல்லி நிறுத்துவார். மீதியைப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சொல்லவேண்டும். சொல்லாத பிள்ளைக்குக் காதில் கிள்ளு. உன் ஆமைக்கதையும் இப்போது அப்படித்தான் நடக்கிறது. ஆயாக் கொட்டகையில் இருக்கிற எனக்குக் கூட, ‘கார்டு ஐயா சிவப்புக் கொடி’ என்று வாத்தியார் நிறுத்துவதும் ‘காட்டினார்’ என்று பிள்ளைகள் கத்துவதும் கேட்கிறது. சொக்கன் மகள் தனலெட்சுமி இருக்கிறாளே, அவள் சத்தம்தான் எல்லாவற்றுக்கும் மேலே. நாலு புத்தகம் வந்தாலும் நல்லதுதான். அனுப்பாதே, நீயே கொண்டு வா.

அப்பாயி


ரெங்கம் தோட்டப் பாடசாலை,
20-3-1936

மதிப்புக்குரிய எழுத்தாளர் திரு. வீ. சதாசிவம் அவர்களுக்கு, தலைமையாசிரியர் மணியம் வணக்கம். தாங்கள் நலமுடன் விளங்க வேண்டுகிறேன்.

வரும் சித்திரை முதல் தேதி எமது பாடசாலையில் தாங்கள் சிறப்புரை ஆற்ற அன்புடன் அழைக்கிறேன். இத்தோட்டத்தில் பிறந்து புத்தகம் எழுதியவர் தாங்கள் ஒருவரே. தாங்கள் பேசினால் ஊரே கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று தங்கள் பாட்டியார் சொல்லியிருப்பதால், பெற்றோர்களும் வேலை முடிந்து வர இருக்கிறார்கள். பெரிய கிராணியார் நாற்காலிகள் தருகிறார்.

நான் இத்தோட்டத்துக்கு வந்தது தாங்கள் புறப்பட்டுப் போன பிறகு. நேரில் காண ஆவலாயிருக்கிறேன்.

இங்ஙனம்
மணியம்


ரெங்கம்,
1936, பங்குனி 25

சதாசிவத்துக்கு அப்பாயி எழுதுவது. உன் கடிதம் இல்லை. சுகவீனம் ஏதும் இல்லையே?

வாத்தியார் தினமும் என் முகத்தைப் பார்க்கிறார். நான் வேறு பக்கம் பார்க்கிறேன். ஊரே கேட்கலாம் என்று நான் சொன்னது நிஜம்தான். நீ சின்னப் பிள்ளையாய் இருக்கும்போது ராத்திரிக்குச் சோறு உருட்டிப் போடும் நேரத்தில் என்னிடம் ஒரு கதை சொல்லுவாய். ஒரு கதைக்கு ஒரு சட்டிச் சோறு ஆகும். நான் முழுக்கக் கேட்டேன். மற்றவர்கள் கேட்டால் என்ன?

ஆனால் நீ வராவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. சிங்கப்பூரில் வேலை விடவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அப்பாயி கோபித்துக்கொள்வாள் என்று நினைத்து வராதே.

ஒரே ஒரு தொந்தரவு. பிள்ளைகள் ஆற்றோரத்துச் சேற்றிலிருந்து ஒரு ஆமையைப் பிடித்து வந்துவிட்டார்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் ஊற்றிப் பள்ளிக்கூட வாசலில் வைத்திருக்கிறார்கள். கங்குங் கீரை கிள்ளிப் போடுகிறார்கள். பாவம், விட்டுவிடுங்கடி என்று சொன்னேன். தனலெட்சுமி, “கதக்காரரு வந்து பாக்கட்டும் அப்பாயி. பாத்துட்டாருன்னா ஒடனே விட்டுருவோம். அவரு ஆமயப் பாத்து எழுதினாரா பாக்காம எழுதினாரான்னு கேக்கணும்” என்கிறாள். நீ வருகிற வரைக்கும் அது தகரத்தில்தான்.

அப்பாயி


சிங்கப்பூர்,
10-4-1936

அப்பாயி அவர்களுக்கு. சுகம். காலை ரயிலில் வருகிறேன், ஆமைக்காக.

பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொண்டு வருகிறேன். மாலையை வாங்கிக்கொள்கிறேன். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். தொண்டை கட்டியிருக்கிறது என்று வாத்தியாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

நான் ஆமையைப் பார்க்காமல்தான் எழுதினேன். அதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லி வையுங்கள்.

சதாசிவம்


ரெங்கம் தோட்டப் பாடசாலை,
20-4-1936

ஜோகூர்பாருவில் உள்ள ஆசிரியர் மாநாட்டுச் செயலாளர் திரு. தியாகராஜா அவர்களுக்கு மணியம் வணக்கம். தாங்களும் வீட்டாரும் நலம்தானே. இங்கு யாவரும் நலம்.

ஆகஸ்ட் மாநாட்டுக்குப் புதிதாய் ஒருவர் பேசவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கிடைத்துவிட்டார். சிறுவர் கதை எழுதும் சதாசிவம். வருஷப் பிறப்பன்று இங்கே வந்தார். ஆள் ஒடிசல், கூச்சம். தொண்டை கட்டியிருப்பதால் பேசமாட்டார் என்று அவர் பாட்டி சொல்லியிருந்தார். மாலை போட்டதும் கும்பிட்டுவிட்டு உட்காரப் போனார். எங்கள் தனலெட்சுமி விடவில்லை. “மொத வரி மட்டுமாச்சும் சொல்லுங்கண்ணே” என்று கேட்டாள். ஜனங்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

அவர் வெகுநேரம் நின்றார். பிறகு, “ஒரு க” என்று சொல்லி நிறுத்தினார். தடுமாறுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பிள்ளைகளோ வகுப்பில் நான் நிறுத்துவது போல என்று எடுத்துக்கொண்டு, கூரை அதிர, “கம்பத்திலே” என்றார்கள். அவர் திகைத்துப் போய்ப் பார்த்தார். பிறகு “ஒரு ஆமை இருந்தது” என்று சரளமாய்ச் சொன்னார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இது அவருடைய முறை.

அதன் பிறகு நடந்ததை எழுத்தில் சொல்ல முடியாது. அவர் “கா” என்பார், பிள்ளைகள் “கார்டு ஐயா” என்பார்கள். “சிவப்புக் கொ” என்பார், “கொடி” என்பார்கள். நான் பாதி வரியில், முழுச் சொல் சொன்ன பிறகுதான் நிறுத்துவேன். இவர் எந்தச் சொல்லில், எந்த எழுத்தில் நிறுத்துவார் என்று சொல்லவே முடியாது. அதனால் ஒரு பிள்ளையும் கண்ணை வேறு பக்கம் திருப்பவில்லை. பெற்றோர்களும் கடைசியில் சேர்ந்துகொண்டார்கள். கதை முடிந்ததும் எல்லாருமாய் ஆற்றுக்குப் போய் ஆமையை விட்டோம். அவரே தண்ணீரில் இறங்கி அதை விட்டார், வெள்ளை வேட்டியோடு.

இந்த முறையை மாநாட்டில் அவர் விளக்கிக் காட்டினால் எல்லாப் பள்ளிகளுக்கும் பயன்படும். தயவுசெய்து அழையுங்கள்.

தங்கள்
மணியம்


சிங்கப்பூர்,
17-5-1936

அப்பாயி அவர்களுக்கு சதாசிவம் எழுதுவது. நீங்கள் கட்டிக் கொடுத்த முறுக்கு நொறுங்காமல் வந்து சேர்ந்தது. வேட்டியில் சேற்றுக்கறை போகவில்லை, போகவும் வேண்டாம்.

ஜோகூர்பாருவிலிருந்து தியாகராஜா என்பவர் கடிதம் போட்டிருக்கிறார். ஆகஸ்ட் மாநாட்டில், அத்தனை ஆசிரியர்களுக்கும் முன்னால், ‘நிறுத்திச் சொல்லவைக்கும் தங்கள் புதிய முறை’ பற்றி நான் பேசவேண்டுமாம். மணியம் வாத்தியார் எழுதியதை நகல் எடுத்துக் கடிதத்தோடு வைத்திருக்கிறார். படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் என் வாயிலிருந்து சொல்லை எடுத்துச் சொன்னபோது எனக்கு என்ன ஆனது என்று உங்களிடம் கூடச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பிள்ளை கூடச் சிரிக்கவில்லை, அப்பாயி. என் நாக்கு நின்றதை ஒருவரும் பார்க்கவே இல்லை. ஆனால் இல்லாத ஒரு முறையை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நான் எப்படிப் போவது? போகாமல் இருந்தால் நிம்மதி. போனால், உண்மையைச் சொல்லத்தான் போகவேண்டும். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதங்களை எல்லாம் திரும்பப் படித்தேன். வேட்டியைப் பற்றி, ரயிலைப் பற்றி, கோப்பிச் சூட்டைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். என் வாய்க்கு என்ன என்று ஒரு இடத்திலும் பெயர் சொல்லி எழுதவில்லை. நான் என்ன செய்யட்டும்?

சதாசிவம்


ரெங்கம்,
1936, வைகாசி 20

சதாசிவத்துக்கு அப்பாயி ஆசீர்வாதம். உன் அப்பனும் நானும் சுகம். நீ விட்ட ஆமை அதே இடத்தில் வெயில் காய்கிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அது அதே ஆமையா என்று யாருக்குத் தெரியும்.

போ. மாநாட்டுக்குப் போ. எதைச் சொல்லவேண்டுமோ அதைச் சொல்லு.

நீ கேட்ட இன்னொன்றுக்கு என்ன எழுதுவது என்று ரெண்டு நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை மேற்பார்க்கிற மண்டோரின் பெண்டாட்டி உன்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது உனக்கு நாலு வயது. அன்றைக்கு இந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டேன். உன் அப்பன் கூட மீறவில்லை. அதற்குமேல் எழுத வரவில்லை.

மாநாட்டைப் பற்றிச் சொன்னதும் தனலெட்சுமி முகம் சுருங்கிவிட்டது. “பெரிய வாத்தியாருங்களுக்குக் கத தெரியுமா அப்பாயி? மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்களா? பண்ணாம வந்தா அண்ணன் நிக்கிற எடத்துல என்னா சொல்லுவாங்க?” என்று கேட்டாள். அவள் கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன்.

ரயிலில் ஜன்னலோரம் உட்காராதே, கரி விழும்.

அப்பாயி


சிங்கப்பூர்,
24-8-1936

அப்பாயி அவர்களுக்கு சதாசிவம் காலைத் தொட்டு எழுதுவது. சுகமாய்த் திரும்பிவிட்டேன். ஜன்னலோரம்தான் உட்கார்ந்தேன்.

தனலெட்சுமி பயந்தது சரி. பெரிய மண்டபம். கோட்டுப் போட்டவர்கள் பாதி, தலைப்பாகைக்காரர்கள் பாதி. நான் எழுந்து “ஒரு க” என்றேன். நின்றுவிட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த அமைதி. ஒருவர் இருமினார். ஒருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்தார். தியாகராஜா தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார். உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன். முன்வரிசையில் மணியம் வாத்தியார், வகுப்பில் பிள்ளை மாதிரி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் திக்குவாய்” என்றேன். நாக்கு அதை நிறுத்தவே இல்லை. அது ஒரு வேடிக்கை. “இது முறை இல்லை. ரெங்கத்துப் பிள்ளைகள் இதைப் பாடம் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் நின்ற இடத்தில் எல்லாம் அவர்கள் சொன்னார்கள். உங்களுக்குக் கதை தெரியாது. அதனால் ஊகித்துச் சொல்லுங்கள்” என்றேன். இதைச் சொல்லி முடிக்கவே நேரம் ஆயிற்று. மறுபடி “ஒரு க” என்றேன்.

“காட்டிலே” என்றார் ஒருவர் மெதுவாக. “கரையிலே” என்றார் இன்னொருவர். பெக்கோக்கிலிருந்து வந்திருந்த ஒரு வயதானவர் பின்வரிசையில் எழுந்து, “கள்ளுக்கடையிலே” என்றார். மண்டபமே வெடித்துச் சிரித்தது. “ஆமா, அங்க இருந்தா அதுக்கு அவசரமே இருக்காதுதான்” என்றேன். நாக்கு தடுக்கவில்லை. அதன்பிறகு ஆமைக்கு என்ன என்ன நடந்தது தெரியுமா? கார்டு வரவேண்டிய இடத்தில் கங்காணி வந்தார். கொடி காட்டவேண்டிய இடத்தில் கொய்யாப்பழம் காட்டினார்கள். அவர்கள் சிரித்தது அவர்கள் சொன்ன சொல்லுக்குத்தான். இதுவே எனக்கு அடுத்த புத்தகம்.

மணியம் வாத்தியார் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சிருங்க தம்பி, எனக்குத் தெரியல. ஆனாலும் அது முறைதான்” என்றார்.

ஸ்கூடாய்ப் பள்ளியிலும் பெக்கோக்கிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு தியாகராஜா என்னைச் சீனர் கடைக்குக் கூட்டிப்போய், “என்ன குடிக்கிறீர் தம்பி?” என்று கேட்டார். தே என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. கோப்பி என்று சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை கடை முதலாளியான தவுக்கே துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவருக்கும் அவசரம் இல்லை. சூடாய் இருந்தது, உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை.

சதாசிவம்


ரெங்கம்,
1936, ஆவணி 20

என் பேரன் சதாசிவத்துக்கு, அப்பாயி ராசம்மா மனம் நிறைந்து எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதத்தை உன் அப்பனுக்கு வாசித்துக் காட்டினேன். கள்ளுக்கடை வந்த இடத்தில் அவன் சிரித்ததில் முட்டி வலித்ததாம். பிறகு வெளியே போய் வெகுநேரம் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

இங்கே ஒன்று நடந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் புதிதாய் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். ஒரு பிள்ளை மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறி நிற்கும். கழுத்தில் காட்டுக்கொடியால் மாலை. “ஒரு க” என்று சொல்லி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு, வாயைக் கோணிக்கொண்டு, அப்படியே உன்னை மாதிரி. மற்றப் பிள்ளைகள் ஆளுக்கொரு சொல்லாய்க் கத்தவேண்டும். நன்றாய்க் கத்தின பிள்ளை அடுத்துத் தகரத்தில் ஏறலாம்.

மணியம் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டார். மாநாட்டிலிருந்து வந்ததிலிருந்து அவருக்கு உன் பேரைக் கேட்டாலே கண் கலங்குகிறது. பிரம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் பிள்ளைத் தூளியை விட்டுவிட்டு ஓடினேன், என் கையில் விளக்குமாறு இருந்தது.

“என்னா கேலி பண்றீங்களா? அந்த மனுசனப் பாத்தா ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கா?” என்று கத்தினார்.

தனலெட்சுமி தகரத்தை விட்டு இறங்கவில்லை. “கேலி இல்ல வாத்தியாரையா. கதக்காரருன்னா அப்பிடித்தான் நிப்பாரு. அவரு நின்னாத்தான எங்களுக்குச் சொல்ல எடம் கெடைக்கும்? நீங்க கத சொன்னா நிக்காமப் போயிக்கிட்டே இருக்கீங்க” என்றாள்.

வாத்தியார் பிரம்பைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தேன். நானும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு சொல் கத்தினேன். என்ன சொல் என்று எழுதமாட்டேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். என் பேரன் சதாசிவம் புத்தகம் எழுதுகிறவன். பள்ளிக்கூடங்களிலும் மாநாட்டிலும் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள். அவனுக்குத் திக்குவாய். எழுதிவிட்டேன். யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்லப் போகிறேன், இதே வரிசையில்.

பெக்கோக்குக்குப் போகிற வழியில் ரெங்கத்தில் இறங்கு. கோப்பி போட்டு வைக்கிறேன்.

உன் அப்பாயி
ராசம்மா